ஒரு பிள்ளைக்கு எத்தனை பேர்

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை கணினியில் ஒரே ஒரு பெயரை அழித்துவிட்டு, புண்ணியம் செய்தவன் போல எழுந்து போன பெரிய தம்பியை அந்த இடத்திலேயே விட்டிருந்தோம்.

அழிந்த பெயர் அவனுடைய தம்பி மனைவியுடையது. ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவள், திரும்பி வரவில்லை. அவர்களுடைய ஒரே மகள் பட்டாணி, நான்கு வயது, அக்கா நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில்தான் பகல் முழுக்க இருக்கிறாள். அங்கே அவளைச் சேர்த்தவள் தாய். ஆகவே காப்பகத்துக் கணினியில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் தாயின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. பிள்ளை காலையில் வந்து சேர்ந்ததும் அந்த நம்பருக்கு ஒரு செய்தி போகும்: 'உங்கள் பிள்ளை வந்துவிட்டது.'

செத்தவளின் போனுக்குத் தினம் ஒரு செய்தியா என்று பெரிய தம்பிக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கணினி ஏற்பாட்டை அக்காவுக்காகச் செய்து கொடுத்தவனே அவன்தான். யாரையும் கேட்காமல் அவள் பெயரை எடுத்துவிட்டு, தம்பியின் பெயரைப் போட்டான். தம்பிக்கு ஒரு பாரம் குறைந்தது என்று நினைத்துக்கொண்டான்.

இறந்தவர்களின் சாமான்களை எப்போது எடுப்பது, எதை எடுப்பது என்பது அந்த வீட்டுக்காரர்கள் மட்டுமே அறிந்த கணக்கு. பல் துலக்கும் பிரஷ்ஷை மறுநாளே எறிந்துவிட்டவர்கள், செருப்பை வருஷக்கணக்காக வாசலில் விட்டு வைப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவன் அதில் கை வைக்கக் கூடாது. கூடப் பிறந்தவனாகவே இருந்தாலும் அவன் வெளியிலிருந்து வருகிறவன்தான்.

இது பெரிய தம்பிக்குத் திங்கட்கிழமை காலையில் தெரிய வந்தது.

அப்போது அவன் குளிர்பதனக் கிடங்கு நடத்தும் ஒரு கம்பெனியில் உட்கார்ந்திருந்தான். கம்பெனிகளின் தகவல்களை எந்த அட்டவணையில் எப்படி வைப்பது, எதை எதோடு இணைப்பது என்று வடிவமைத்துக் கொடுப்பது அவன் தொழில். பலகையில் கட்டம் போடுவான். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே கோடு இழுப்பான். கோட்டின் முனையில் ஒற்றைக் கீற்று இருந்தால் 'ஒன்றுதான்' என்று பொருள். மூன்றாகப் பிரிந்து காக்காய்க் கால் போல இருந்தால் 'பல'. பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருந்தால் 'இல்லாமலும் போகலாம்'. அவ்வளவுதான் வித்தை. ஆனால் எந்த முனையில் எதைப் போடுவது என்பதை அவனாக முடிவு செய்யக் கூடாது. தொழில் நடத்துகிறவர்களின் வாயிலிருந்து பிடுங்க வேண்டும்.

"ஒரு லாரிக்கு ஒரு டிரைவரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு டிரைவர்தான் சார்," என்றார் கிடங்கு மேலாளர்.

"டிரைவரே இல்லாத லாரி உண்டா?"

"டிரைவர் இல்லாம எப்படி ஓடும்? பேய் வந்து ஓட்டுமா?"

"ஓட வேண்டாம். சும்மா நிக்கிற லாரி?"

மேலாளர் காதைச் சொறிந்தார். "ஷெட்ல நிக்குது… ரிப்பேர்ல…"

"அப்ப இல்லாமலும் இருக்கலாம். தூரப் பயணத்துக்கு ஒரே ஆள்தான் போவாரா?"

"அது எப்படி சார்? மாத்தி மாத்தி ஓட்ட ரெண்டு பேர் போவாங்க."

"அப்ப ஒரு லாரிக்கு ஒரு டிரைவர் இல்ல."

மேலாளர் சிரித்துவிட்டார். "வக்கீலாப் போயிருக்கணும் சார் நீங்க. நான் சொன்னதையே வெச்சு என்னை மடக்குறீங்க."

பெரிய தம்பிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. காக்காய்க் கால் ஒன்றை வரைந்தான். அப்போதுதான் அக்காவின் போன்.

"உன் மிஷினு பட்டாணி இல்லைங்குதுடா," என்றாள் அக்கா.

"என்ன?"

"காதுல விழலையா? பட்டாணி இல்லையாம். காலைல பிள்ளைங்க வந்து அவங்கவங்க போட்டோவைத் தொட்டுட்டு உள்ள வருவாங்கல்ல. அவ போட்டோவைக் காணோம். தேடித் தேடிப் பாத்துட்டு, 'நான் எங்க'ன்னு கேட்டிருக்கா. நம்ம வாசல் டீச்சர் இருக்காளே, புத்திசாலி, 'நீ இல்லையேடா செல்லம்'னு சொல்லியிருக்கா."

பெரிய தம்பி எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தான்.

"அப்புறம்?"

"அப்புறமா? பிள்ளை அவங்கப்பன் முகத்தைப் பாத்து, 'அம்மா மாதிரியாப்பா?'ன்னு கேட்டுச்சாம்." அக்காவின் குரல் ஒரு கணம் தடுக்கியது. பிறகு மறுபடி கரகரவென்று வந்தது. "அவன் பிள்ளையைத் தூக்கிட்டுத் திரும்பி நடந்துட்டான். இந்தப் பொண்ணு எதையோ தொட்டு அழிச்சிருக்கு. இனி இவ வாசல்ல நிக்கக் கூடாது. நீ கிளம்பி வா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் கையால் கட்டிய சுவர் எங்கே விரிசல் விடும் என்று கட்டியவனுக்குத் தெரியாதா?

'அந்தப் பொண்ணு இல்லக்கா' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

"வர்றேன்," என்றான்.

---

போகும் வழியெல்லாம் அவனுக்கு நினைவு ஒன்றே ஒன்றுதான். ஊரானிடம் ஒரு விஷயத்தை நாலு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்கிறவன், அக்காவிடம் ஒரே தடவைதான் கேட்டான்.

அன்றைக்கு அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஒரு பிள்ளைக்கு எத்தனை பொறுப்பாளர் போடட்டும்?" என்று கேட்டான். அவள் நிமிராமலே சொன்னாள்: "ஒரு ஆளு. ரெண்டு பேர் பொறுப்புன்னா யாருக்கும் பொறுப்பில்லைன்னு அர்த்தம். நீ போடு."

வேறு யாராவது சொல்லியிருந்தால், 'அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லைன்னா? ஊருக்குப் போயிட்டா? செத்துப் போயிட்டா?' என்று குடைந்திருப்பான். அக்கா சொன்னதும் கை தானாக எழுதிக்கொண்டது. ஏன் எழுதாது? அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்கா கல்லூரியில் கால் வைத்திருந்தாள். எடுத்த காலைத் திரும்ப வைத்து, இரண்டு தம்பிகளையும் அவளே வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள். காய்ச்சலில் ஈரத்துணி போட்டவள் அவள். அடித்தவளும் அவளே, அடித்த பிறகு மூக்கைத் துடைத்து விட்டவளும் அவளே. ஒரு பொறுப்பாளர், பல பிள்ளைகள். பெரிய தம்பி பொறுப்பாளர் முனையில் ஒற்றைக் கீற்றும், பிள்ளைகள் முனையில் காக்காய்க் காலும் போட்டான். காப்பகத்தை வரைவதாக நினைத்துத் தன் வீட்டை வரைந்து வைத்தான்.

அதோடு விட்டானா? ஒரு குடும்பம் காப்பகத்தை விட்டுப் போனால், பொறுப்பாளர் பெயரை அழித்தாலே போதும், அவரோடு இணைந்த பிள்ளைகளும் தாமாக அழிந்துவிடும்படி செய்து வைத்தான். குப்பை சேராது என்று பெருமை வேறு.

பொறுப்பாளர் போனால் பிள்ளையும் போகும். அதைத்தான் அந்த இயந்திரம் அச்சுப் பிசகாமல் செய்திருந்தது. அவன் புதிதாகச் சேர்த்த தம்பியின் பெயர் மட்டும், பிள்ளை எதுவும் இல்லாமல், ஒற்றையாக நின்றிருக்கும்.

காப்பகத்தின் முன்னறையில் சின்னச் சின்ன நாற்காலிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. உள்ளே பிள்ளைகள் எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா அவனைப் பார்த்ததும் பெஞ்சைக் காட்டினாள்.

"உக்காரு. என்ன அழிச்சிருக்கான்னு கண்டுபிடி."

"பாக்குறேன்."

"கண்டுபிடிச்சு, அவகிட்டயே காட்டு. நாளைக்கு என்னை அநியாயக்காரின்னு சொல்லக் கூடாது பாரு."

அழிப்பதற்கு முன் எடுத்த நகல் ஒன்று தனியே இருந்தது. அதிலிருந்து பட்டாணியை மட்டும் திரும்ப எடுத்து, தம்பியின் பெயரோடு இணைக்க அதிக நேரம் ஆகவில்லை. திரையில் அவள் முகம் வந்தது. முன்பல் இரண்டும் தெரியச் சிரிப்பு. போட்டோவின் ஓரத்தில், அவள் தோளைப் பிடித்திருந்த ஒரு கை பாதி தெரிந்தது. போட்டோவை வெட்டும்போது அந்தக் கையை விட்டுவிட்டிருந்தார்கள். வளையல் போட்ட கை.

அக்கா அவன் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "வந்துட்டாளா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பழைய நம்பருக்கே மெசேஜ் போகுமில்ல? மாத்திடாத," என்றாள்.

"ஏன்?"

"அவன் அந்த போனுக்கு இன்னும் சார்ஜ் போட்டு வெச்சிருக்கான்டா. இவளை விட்டுட்டுக் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்குறப்ப அதுல டிங்குனு சத்தம் வரும். எடுத்துப் பாப்பானாம். 'அவகிட்ட இன்னும் தினமும் ஒரு தடவ சொல்லிடுறாங்கக்கா'ன்னான் ஒரு நாள். நானும் மாத்தணும்னுதான் நினைச்சேன். அதுக்கப்புறம் கை வரல."

பெரிய தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்று என்று நினைத்தது இரண்டாகிவிட்டது. பிள்ளையை இல்லாமல் ஆக்கியது போதாதென்று, அப்பனுக்கு மிச்சமிருந்த ஒற்றைச் சத்தத்தையும் பிடுங்கியிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து வாசல் டீச்சர் உள்ளே வந்தாள். சின்னப் பெண். வாசலிலிருந்து சமையலறைக்கு மாற்றியிருந்தார்கள் போலிருக்கிறது. கையில் பிள்ளைகளின் பிளாஸ்டிக் டம்ளர்கள், கைமுட்டி வரை சோப்பு நுரை.

"சார்," என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நான் எதைத் தொட்டேன்னு மட்டும் சொல்லுங்க சார். இனிமே அந்தப் பக்கமே கை வெக்க மாட்டேன். பிள்ளைகிட்ட அப்படிச் சொன்னதுக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. ஆனா நான் எதைத் தொட்டேன்னே எனக்குத் தெரியல."

நாலு மணி நேரம் அவள் தன் விரல்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு டம்ளர் கழுவியிருக்கிறாள். அவன் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து 'பாக்குறேன்' என்று சொல்லியிருக்கிறான்.

"நீங்க எதையும் தொடல," என்றான். "நான்தான். நேத்து நான்தான் அழிச்சேன்."

"போன்லயே தெரியுமா உனக்கு?" என்றாள் அக்கா.

அவன் தலை குனிந்துகொண்டது.

"அப்ப ஏன்டா வாயைத் திறக்கல? நான் இந்தப் பொண்ணை வாய்க்கு வந்தபடி… நீ பாத்துட்டுத்தானே இருந்த?"

சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு இவன் நின்றபோதெல்லாம் அக்கா பளாரென்று ஒன்று வைப்பாள், அதோடு கணக்குத் தீரும். இப்போது அவள் அடிக்கவில்லை. வாசல் டீச்சரிடம் போனாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அக்காவுக்குக் கிடையாது. அந்தப் பெண்ணின் கையிலிருந்த டம்ளர்களை வாங்கிக்கொண்டாள்.

"நீ வாசலுக்குப் போம்மா," என்றாள். "இதை நான் கழுவிக்கிறேன்."

---

சின்னத் தம்பியின் கண்ணாடிக் கடை அகலம் குறைந்து உள்வாக்கில் நீண்ட கடை. ஒரு பக்கம் ஜன்னல் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கும், எதிர்ப்பக்கம் சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடிகள். நடுவில் வெட்டுகிற மேஜை. பட்டாணி மேஜைப் பக்கம் வரக் கூடாது என்று கட்டளை. ஆகவே அவள் எதிர்ப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணாடியின் முன்னாலும் நின்று நின்று போய்க்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா! இதுல நான் இருக்கேன் பாரு," என்றாள். அடுத்ததற்குப் போனாள். "இதுலயும் இருக்கேன்."

"காலைலேர்ந்து இதுதான் வேலை," என்றான் தம்பி, மேஜையிலிருந்து கண்ணை எடுக்காமல். அளவுகோலை வைத்து ஒரு கோடு கீறினான். கண்ணாடி கிரீச்சென்றது. "அக்கா போன் பண்ணிச் சொன்னா. அவ பேரை அழிச்சியாமே."

"மெசேஜ் போயிட்டே இருந்தது… உனக்குக் கஷ்டமா இருக்கும்னு…"

"கஷ்டமா இருக்குன்னு நான் வந்து சொன்னேனா?"

"இல்ல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? எவனெவன் லாரிக்கு எத்தனை டிரைவர்னு உக்காந்து கேக்குற. உன் தம்பிகிட்ட கேக்க உனக்கு வாய் வரல."

பெரிய தம்பி சுவரோரம் நின்றான். எதிரே இருந்த கண்ணாடிகளில் எல்லாம் அவன் முகமே தெரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"பட்டாணி அம்மாவோட அக்கா தினமும் கூப்பிடுறாங்க," என்றான் தம்பி. "பட்டாணியை அவங்ககிட்ட விட்டுடணுமாம். அங்க ரெண்டு பிள்ளைங்க இருக்கு, இவ மூணாவதா வளர்ந்துட்டுப் போறாங்கறாங்க. இத்தனை நாளா முடியாதுன்னுட்டேன். எங்க அக்கா இருக்கா, அண்ணன் இருக்கான்னு சொன்னேன். இன்னிக்குக் காலைல இவளைத் தூக்கிட்டு ரோட்ல நடக்குறப்ப, சரின்னு சொல்லிடலாமான்னு தோணிடுச்சு. நம்ம வீட்டு ஆளுங்க கட்டின வாசல்லயே இவ இல்லைன்னா, வேற எங்கண்ணா இருப்பா?"

சொல்லும்போது அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அக்கா வந்து சேர்ந்தாள். காப்பகத்தை வாசல் டீச்சரின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்ததும் பட்டாணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவன் அதைச் சரி பண்ணப் போறான். இப்பவே, நம்ம முன்னாடியே," என்றாள்.

பெரிய தம்பி பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்தான். கிடங்கு மேலாளரிடம் கேட்டதைத் தன் வீட்டாரிடம் கேட்க, வெட்கம் அவன் குரலைப் பாதியாக்கியது.

"ஒரு பிள்ளையை… எத்தனை பேர் வந்து கூட்டிட்டுப் போகலாம்?"

"ஒருத்தர்தான்," என்றாள் அக்கா உடனே. பழக்கம்.

"அக்கா." சின்னத் தம்பி கீறுகிற கட்டரைக் கீழே வைத்தான். "நீ காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமப் படுத்தியே, ஞாபகம் இருக்கா? நானும் அண்ணனும் ஸ்கூல் வாசல்ல நின்னுட்டே இருந்தோம். யாரோட அனுப்புறதுன்னு தெரியாம வாட்ச்மேன் எங்களை உள்ளேயும் விடல, வெளியேயும் விடல. விளக்குப் போட்டப்புறம் நீ போர்வையைப் போத்திக்கிட்டு வந்த."

அக்காவின் முகம் மாறியது. இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டாள்.

"எனக்கென்ன ஆசையாடா?" என்றாள். "ஒருத்திதான் இருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டா நின்னேன்? ரெண்டாவது ஆளா யாராவது வந்திருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஒருத்தரும் வரல. வரலைன்னு எத்தனை பேர்கிட்ட சொல்றது? அதான், ஒருத்தியே போதும்னு சொல்லிப் பழகிட்டேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறவள் அல்ல. ஒரு கண்ணாடியின் மேலிருந்த தூசியைப் போய்த் துடைத்தாள். இத்தனை வருஷமாக அக்காவின் நெஞ்சுரம் என்று தம்பிகள் கொண்டாடியது அவளுக்கு வேறு வழியில்லாமல் போனது என்று அன்றைக்குத்தான் பெரிய தம்பிக்குப் புரிந்தது. அதை அவன் விதியாக்கி, ஊர்ப் பிள்ளைகள் தலையிலெல்லாம் கட்டியிருந்தான்.

"குறைஞ்சது ஒருத்தர். பல பேர் இருக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே பொறுப்பாளர் முனையிலும் காக்காய்க் கால் போட்டான். "ஒருத்தர் விலகினா அந்தக் கோடு மட்டும் போகும். பிள்ளை போகாது."

"சரி. அவளை எங்க வெப்ப?" என்றான் தம்பி.

"பேர் இருக்கும். பக்கத்துல 'செயலில் இல்லை'ன்னு ஒரு குறி…"

சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. தம்பி அவனைப் பார்த்த பார்வை, ஓட்டுநர் இல்லாத லாரி என்று தன் மனைவியை யாரோ சொல்லக் கேட்டவன் பார்வை.

"அது இல்ல. இரு," என்றான் பெரிய தம்பி அவசரமாக. "இரு, யோசிக்கிறேன்."

பட்டாணி வேறொரு கண்ணாடிக்கு நகர்ந்திருந்தாள். அவன் திரையையே பார்த்தான். பிள்ளை ஒரு கட்டம், ஆள் ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு. அந்த ஒரே கோட்டில் அவன் எதையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறான்!

"நான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டேன்," என்றான் மெதுவாக. "கூட்டிட்டுப் போறவங்கங்கிறது ஒரு கோடு. அது மாறும். நாளைக்கு ஒருத்தர் வருவாங்க, அடுத்த மாசம் இன்னொருத்தர். அம்மாங்கிறது வேற கோடு. அதே பிள்ளைக்கும் அதே ஆளுக்கும் நடுவுலதான், ஆனா வேற. அதுக்கு முடியற தேதி கிடையாது. அவங்க வரணும்னு இல்ல, போன் எடுக்கணும்னு இல்ல. அம்மான்னா அம்மா."

"எல்லாப் பிள்ளைக்கும் அது கட்டாயமா இருக்கணுமா?" என்று அக்கா கேட்டாள். "அம்மா யாருன்னே தெரியாத பிள்ளைங்களும் நம்மகிட்ட வருதே."

அவன் அவளை நன்றியோடு பார்த்தான். அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "அப்ப அந்த முனையில சின்ன வட்டம் போடணும். சில பிள்ளைக்குத் தெரியாமலும் இருக்கலாம். பட்டாணிக்குத் தெரியும்."

"மெசேஜ்?" என்றான் தம்பி.

"ரெண்டு கோட்டுல இருக்கிறவங்களுக்கும் போகும்."

தம்பி தலையாட்டினான். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பெரிய தம்பி அம்மாவின் கோட்டை முதலில் இழுத்தான். அழித்த பெயரை எழுத்து எழுத்தாகத் திரும்ப அடித்தான்.

"கூட்டிட்டுப் போறவங்களைச் சொல்லு," என்றான்.

"நான்," என்றான் தம்பி.

அடித்தான்.

"அக்கா."

அடித்தான்.

"அவ அக்கா. பட்டாணியோட பெரியம்மா. என்ன இருந்தாலும் அவ கூடப் பிறந்தவங்க."

அடித்தான்.

"அந்த வாசல் டீச்சர். பாவம், காலைல நான் அந்தப் பொண்ணை முறைச்ச முறைப்புக்கு… அவ இவளை ஒரு நாள் வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டிருக்கா. அவ சரின்னா, அவளையும் போடு."

அடித்தான். அடுத்த வரியில் குறி துடித்துத் துடித்துக் காத்திருந்தது. அவன் விரல்களும் காத்திருந்தன. அக்கா திரும்பி, சின்னத் தம்பியைப் பார்த்தாள்.

"அவ்வளவுதான்," என்றான் சின்னத் தம்பி.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரிய தம்பி வேண்டாம் என்று தலையசைத்தான். கேட்டு வாங்குகிற இடமா அது? சேமிக்கும் பொத்தானை அழுத்தினான். தன் பெயர் இல்லாத ஒரு பட்டியலைத் தன் கையாலேயே பிழையில்லாமல் செய்து முடித்தான்.

தம்பியின் போன் அடித்தது. பேசுகிறவளின் குரல் உரத்த குரல், பெரியம்மாதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இப்பவா? பஸ்ஸே ஏறிட்டீங்களா?" என்றான் தம்பி. எழுந்து நின்றான். "இல்ல, இல்ல, சந்தோஷம்தான்… இல்லைங்க, வீட்டுக்கு வந்து அலைய வேண்டாம். காலைல நேரா காப்பகத்துக்கே வந்துடுங்க. இப்பதான் உங்க பேரைச் சேர்த்தோம். நீங்களே கூட்டிக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பெரிய தம்பி சேமித்த பட்டியலைத் திரும்ப ஒரு முறை படித்தான். எத்தனை பேர் என்று கேட்டான். யார் யார் என்று கேட்டான். கூட்டிப் போகிறவர் தனியாக முடிவு செய்யலாமா, அன்றைக்கு மாலையே திரும்பக் கொண்டு வர வேண்டுமா என்று அவன் கேட்கவே இல்லை. விட்டுவிடு என்று தினமும் கேட்கிற ஒருத்திக்கு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பஸ்ஸிலும் ஏறிப் போகும் உரிமையை இப்போது இந்த விரல்களால்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

தம்பி போனை வைத்தான். அவன் முகத்தில் களைப்பு தெளிந்திருந்தது.

"தம்பி, ஒரு கேள்வி விட்டுப் போச்சு," என்றான் பெரிய தம்பி.

"அது அந்த நாலு பேருக்குள்ள பேசிக்க வேண்டியது, அண்ணா," என்றான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. கட்டரை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினான்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எந்தக் கேள்வி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தி," என்றாள். "நாளைக்குக் காலைல கதவைத் திறக்கிறவளும் நான்தான். அவ பிள்ளையோட பையையும் துணிமணியையும் கேட்டா, குடுத்து அனுப்பட்டுமா, வேண்டாமா? ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க. இப்பவே சொல்லுங்க."

சின்னத் தம்பி அளவுகோலைக் கண்ணாடியின் மேல் வைத்தான். கீறவில்லை.

பெரிய தம்பியிடம் பதில் இருந்தது. சொல்லும் தகுதியைத்தான் அன்று காலை முதல் அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்திருந்தான்.